ஒடவாரா 1590: ஹோஜோக்களுக்கு எத்தனை வழி இருந்தது?

ஜப்பானின் ஒடவாரா கோட்டை 1590-இல் விழுந்த கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே தீர்ப்பில்தான் வந்து நிற்பார்கள்: ஹோஜோக்கள் கிணற்றுத் தவளைகள், ஊர் உலகம் மாறியது தெரியாமல் மதிலுக்குள் உட்கார்ந்து அழிந்தார்கள். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. மதிலுக்குள் உட்கார்ந்தது தவறுதான். ஆனால் அது விவரம் கெட்டவர்கள் எடுத்த முடிவு இல்லை. அவர்கள் கையில் இருந்த மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த முடிவு ஏன் அவ்வளவு பாதுகாப்பாகத் தெரிந்தது, எந்த இடத்தில் காலை வாரியது என்பது பிடிபடும்.

ஒரு சின்னக் குறிப்பு: கீழே வரும் மாதங்கள் எல்லாம் ஜப்பானியப் பழைய நாள்காட்டிப்படி. நாம் புழங்கும் ஆங்கில மாதக் கணக்கில் ஏறக்குறைய ஒரு மாதம் தள்ளி வரும்.

ஆட்களை முதலில் பார்த்துவிடலாம். ஒரு பக்கம் டொயோட்டோமி ஹிதேயோஷி. எளிய குடியில் பிறந்தவர். தலைவர் ஓடா நொபுனாகா 1582-இல் சொந்தத் தளபதியின் துரோகத்தால் கியோட்டோவில் இறந்ததும், பழி தீர்த்து, அவர் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டவர். 1585-இல் பேரரசரின் பெயரால் ஆளும் கம்பாகு பதவி அவருக்கு வந்தது. அதே ஆண்டு ஷிகோகு தீவு பணிந்தது. 1587-இல் கியூஷு தீவு. இனி எந்தக் குலமும் எல்லைத் தகராறைச் சண்டை போட்டுத் தீர்க்கக் கூடாது, வழக்கை என்னிடம் கொண்டுவா, நான் தீர்ப்புச் சொல்கிறேன் என்பது அவர் போட்ட விதி. அதை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம், குலத் தலைவன் நேரில் கியோட்டோ வந்து தலை வணங்குவது.

மறு பக்கம் ஹோஜோ குலம். ஐந்து தலைமுறை, ஏறக்குறைய நூறு ஆண்டு. இன்று டோக்கியோ இருக்கும் கான்டோ சமவெளியின் பெரும்பகுதி அவர்களுடையது. ஓய்வு பெற்ற தலைவர் உஜிமாசா. பட்டத்தில் இருந்தவர் மகன் உஜினாவோ. உஜிமாசாவின் தம்பிகள் உஜிதேரு, உஜிகுனி, உஜினோரி மூவரும் ஆளுக்கொரு கோட்டையில். உஜினாவோவின் மாமனார் யார் என்றால், டொகுகாவா இயேயாசு. அதாவது கியோட்டோவுக்கும் ஒடவாராவுக்கும் நடுவில் இருந்த பெரிய நிலப்பரப்பு சம்பந்தி வீட்டுடையது. ஹோஜோக்களின் எல்லாக் கணக்குகளிலும் இந்த உறவு உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

தகராறு நுமாதா என்ற மலைப்பகுதியைப் பற்றியது. சானாடா மாசாயுகி என்ற சிறிய, ஆனால் பலே கெட்டிக்காரரான ஒரு தலைவர் அதைப் பிடித்து வைத்திருந்தார். ஹோஜோக்கள் பல முறை முயன்றும் பறிக்க முடியவில்லை. 1589-இல் ஹிதேயோஷி தீர்ப்புச் சொன்னார்: மூன்றில் இரண்டு பங்கும் நுமாதா கோட்டையும் ஹோஜோவுக்கு, சானாடாவின் முன்னோர் கல்லறைகள் இருக்கும் நகுருமிப் பகுதி சானாடாவுக்கு. பதிலுக்கு உஜிமாசா ஆண்டு முடிவதற்குள் கியோட்டோ வர வேண்டும். வாளால் வாங்க முடியாததை வழக்கால் வாங்கிவிட்டார்கள் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். சில மாதங்கள்கூட ஆகவில்லை, நுமாதா கோட்டையில் ஹோஜோ வைத்த காவல் தலைவன் இனோமாதா குனினோரி நகுருமிக் கோட்டையையும் பிடித்துவிட்டான். பதினோராம் மாதம் 24-ஆம் தேதி ஹிதேயோஷியின் போர் அறிவிப்பு ஒடவாராவுக்குக் கிளம்பியது. அடுத்த ஆண்டு படையோடு வந்து உஜினாவோவின் தலையை எடுப்பேன் என்பது அதன் சாரம்.

சரி, வழிகளுக்கு வருவோம். நான் ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்வி கேட்கப் போகிறேன். இந்த வழியில் போனால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்பது ஒன்று. இந்த வழியில் போன பிறகு மற்ற வழிகள் எத்தனை நாள் திறந்திருக்கும் என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்வியை ஒடவாராவில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கியோட்டோவுக்குப் போவது

இந்த வழியை மேற்கே மோரி டெருமோட்டோவும், வடமேற்கே உஎசுகி காகேகட்சுவும் முன்பே தேர்ந்தெடுத்திருந்தார்கள். நொபுனாகா இறந்த பிறகு இருவருமே ஹிதேயோஷியோடு பெரிய போர் எதுவும் போடாமல் பக்கம் சேர்ந்தவர்கள். இருவரிடமும் பெரிய நிலம் மிஞ்சியது. மோரி பத்து லட்சம் கொக்குவுக்கு மேல் விளையும் நாட்டோடு நின்றார். (ஒரு கொக்கு சுமார் 150 கிலோ அரிசி, ஒரு ஆளுக்கு ஒரு வருடச் சாப்பாடு என்ற பழைய கணக்கு.)

இழப்பது என்ன? மானம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் உஜிமாசாவின் பயம் அதைவிட நடைமுறையானது. போனால் பிடித்து வைத்துக்கொள்வார்கள், அல்லது நாட்டையே மாற்றி வேறு மூலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சு அடிபடுவதாக உஜினாவோ பன்னிரண்டாம் மாதம் எழுதிய பதில் கடிதத்திலேயே இருக்கிறது. இயேயாசுவை அழைத்தபோது எப்படி நடத்தினீர்கள் என்றும் அதில் சுட்டிக் காட்டுகிறார். நியாயமான கேள்விதான். இயேயாசு 1586-இல் கிளம்புவதற்கு முன்னால் ஹிதேயோஷி தன் தங்கை அசாஹியை அவருக்கு மணமுடித்துக் கொடுத்தார். அதுவும் போதாமல் பெற்ற தாயையே பிணையாக அனுப்பினார். எங்களுக்கு மட்டும் வெறும் கையா என்பது ஹோஜோக்களின் குறை.

ஆனால் இயேயாசுவுக்கு அந்த மரியாதை எதற்காகக் கிடைத்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1584-இல் நாகாகுதேயில் ஹிதேயோஷியின் ஒரு படைப்பிரிவை அவர் நொறுக்கியிருந்தார். அப்போது ஷிகோகுவும் பணியவில்லை, கியூஷுவும் பணியவில்லை. ஹிதேயோஷிக்கு அவசரம் இருந்தது. 1589-இல் அந்த அவசரம் இல்லை. சந்தையில் விலை இறங்கிய பிறகு பழைய விலையைக் கேட்பது போன்றது உஜிமாசாவின் கேள்வி.

இந்த இடத்தில் இன்னொரு கடிதத்தையும் சொல்ல வேண்டும். 1588 ஐந்தாம் மாதம் இயேயாசு தன் சம்பந்திக்கும் மருமகனுக்கும் தெய்வங்களைச் சாட்சி வைத்து ஓர் உறுதிமொழி எழுதி அனுப்பினார். அதில் மூன்று விஷயம். ஹிதேயோஷியிடம் உங்களைப் பற்றி நான் கோள் சொல்ல மாட்டேன், உங்கள் நாட்டின் மேல் எனக்கு ஆசை கிடையாது. இந்த மாதத்துக்குள் தம்பிகளில் ஒருவரையாவது கியோட்டோ அனுப்புங்கள். பணிந்து போகச் சம்மதம் இல்லையென்றால் என் மகளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். சம்பந்தி எழுதக்கூடிய கடிதங்களில் இதைவிடத் தெளிவான ஒன்றை நான் பார்த்ததில்லை. மகளைத் திருப்பி அனுப்பு என்றால், போர் வந்தால் நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்பதைச் சொல்லிவிட்டேன் என்று பொருள். உஜினோரி அந்த ஆண்டே கியோட்டோ போய் வந்தார். அண்ணன் போகவில்லை.

நகுருமி விவகாரத்துக்குப் பிறகும் இந்தக் கதவில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. செய்தவர்களைத் தண்டி, நீ வா என்பதுதான் ஹிதேயோஷி தரப்பின் கோரிக்கை. இனோமாதா மேலிடத்துக்குத் தெரிந்துதான் செய்தானா, தன்னிச்சையாகச் செய்தானா என்பது இன்றைக்கும் வாதத்தில் இருக்கிறது. எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. ஒரு காவல் தலைவனைக் கைவிட்டால் குலம் பிழைக்கும் என்ற நிலையில், எங்களுக்குத் தெரியாது, அது முன்பே எங்களுக்கு வந்த கோட்டை என்று விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எல்லையில் போய் மோதுவது

இதை உஜிகுனி ஆதரித்ததாகப் பிற்காலப் போர்க்கதைகள் சொல்கின்றன. ஹகோனே மலையைத் தாண்டி, சுருகா நாட்டில், ஃபுஜி ஆற்றங்கரையில் எதிரியை மடக்குவது. வீரமான திட்டம். ஆனால் சுருகா இயேயாசுவின் நாடு. அவர் சம்பந்தி பக்கம் சாய்ந்தால் ஒழிய அங்கே ஒரு நாள் தங்க முடியாது. அவர் சாய மாட்டார் என்பதற்கு மேலே சொன்ன கடிதமே போதும்.

எண்ணிக்கையும் உதவாது. ஹிதேயோஷி திரட்டிய படை இரண்டு லட்சத்துக்கு மேல் என்பது பொதுவான கணிப்பு. ஹோஜோவிடம் ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேல். கியூஷுவின் ஷிமாசு குலத்தார் திறந்த வெளிச் சண்டையில் ஜப்பானிலேயே பெயர் எடுத்தவர்கள். ஓடுவது போல் நடித்து எதிரியை இழுத்து மூன்று பக்கமும் மடக்குவது அவர்கள் வித்தை. ஹிதேயோஷியின் முன்னணிப் படையை ஹெட்சுகி ஆற்றில் அப்படித்தான் சிதைத்தார்கள். அவர்களே 1587-இல் நெஜிரோசாகாவில் பெரும் படையின் அரண்களில் மோதித் தோற்றார்கள். ஹோஜோக்கள் இந்த வழியை ஒதுக்கியது சரி. இதைப் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை.

மதிலுக்குள் இருப்பது

இதுதான் அவர்கள் தேர்ந்தெடுத்த வழி. மூத்த அமைச்சர் மட்சுதா நோரிஹிதே இதற்காக வாதாடினார் என்பார்கள். அவர் வாதத்துக்குப் பின்னால் இரண்டு அனுபவம் இருந்தது. 1561-இல் உஎசுகி கென்ஷின் பெரும் கூட்டணிப் படையோடு வந்து ஒடவாராவைச் சூழ்ந்தார். சில வாரங்களில் திரும்பிப் போனார். 1569-இல் டகேதா ஷின்கென் வந்தார். சில நாளில் ஊரைக் கொளுத்திவிட்டுக் கிளம்பினார். அந்தக் காலத்தின் இரண்டு பெரிய தளபதிகளால் முடியாததை வேறு யார் முடிக்கப் போகிறார்? இதைக் கிணற்றுத் தவளைப் பேச்சு என்று தள்ள முடியாது. கையில் இருந்த ஆதாரத்தை வைத்து எடுத்த முடிவு.

அவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. ஊரையே உள்ளே வைத்துச் சுற்றளவு ஒன்பது கிலோமீட்டருக்கு மண் மதிலும் அகழியும் கட்டினார்கள். கடைகள், வயல், கைவினைஞர் தெரு எல்லாம் மதிலுக்குள். ஹகோனே கணவாயில் யாமானாகா கோட்டையைப் பலப்படுத்தினார்கள். அதன் அகழியை இன்றும் பார்க்கலாம்: தண்ணீர் இல்லாத ஆழமான பள்ளம், உள்ளே குறுக்கும் நெடுக்குமாக மண் வரப்புகள். மேலிருந்து பார்த்தால் காகிதக் கதவின் மரச்சட்டம் போலக் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்த ஊர்ச் செம்மண் ஈரமானால் வழுக்கும். ஒரு கட்டத்தில் விழுந்தவன் பக்கத்துக் கட்டத்துக்குப் போக முடியாது, ஏறவும் முடியாது. மேலே நிற்பவனுக்கு நல்ல குறி.

ஆள் திரட்டல் இன்னும் சுவாரசியம். 1587-லேயே கிராமங்களுக்கு ஆணை போயிற்று: 15 வயது முதல் 70 வயது வரை உள்ளவர்களில் ஆள் தேர்ந்தெடுத்துப் பெயர் கொடுக்க வேண்டும். வில், ஈட்டி, துப்பாக்கி எதுவானாலும் சரி. கூடவே ஒரு வரி: இடுப்பில் செருகும் சிறு கொடிகள் படபடத்து, பார்ப்பதற்குப் போர்வீரன் மாதிரி தெரியும்படி தயார் செய்துகொள்ளுங்கள். குடியானவனுக்குக் கொடியைக் கட்டிச் சாமுராய் வேடம் போட வேண்டிய நிலை. இந்த ஒரு வரியைப் படிக்கும்போது எனக்கு அந்த அரண்மனையின் பதற்றம் முழுவதும் தெரிகிறது. உலகம் மாறியது தெரியாதவர்கள் இப்படி எழுத மாட்டார்கள்.

அப்புறம் எங்கே பிசகியது? கென்ஷினும் ஷின்கெனும் திரும்பியதற்கு மதில் மட்டும் காரணம் இல்லை. அவர்கள் படை வழியில் கிடைத்ததைத் தின்று வாழ்ந்த படை. கூட்டணித் தலைவர்களுக்கு அவரவர் ஊர்க் கவலை. முதுகுக்குப் பின்னால் வேறு எதிரி. ஹிதேயோஷிக்கு இந்த மூன்றும் இல்லை. உணவுப் பொறுப்பை நாட்சுகா மாசாயே என்ற கணக்கில் புலியான அதிகாரியிடம் கொடுத்தார். இரண்டு லட்சம் கொக்கு அரிசியைக் கப்பலில் சுருகாவின் ஷிமிசுத் துறைக்குக் கொண்டு சேர்ப்பது, அதற்கு மேல் வழியில் தானியம் வாங்கப் பத்தாயிரம் பெரிய பொற்காசு என்பது திட்டம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கொக்கு என்பது ஆயிரம் கோ. ஒரு வீரனுக்கு நாளைக்கு ஐந்து கோ அரிசி என்று வைத்தால், இரண்டு லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு ஆயிரம் கொக்கு. இரண்டு லட்சம் கொக்கு 200 நாள் வரும், தங்கத்தைத் தொடாமலேயே. முற்றுகை நடந்தது மூன்று மாதம்தான். ஹிதேயோஷி நான்காம் மாதம் தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், இரட்டை வளையமாகப் பள்ளமும் வேலியும் போட்டுவிட்டேன், ஒருவனையும் வெளியே விட மாட்டேன், பட்டினி போட்டே முடிப்பேன், புத்தாண்டு பிறந்தாலும் இருந்து முடித்துவிட்டுத்தான் வருவேன் என்கிற தொனியில் எழுதுகிறார். அதே கடிதத்தில் இன்னொரு மனைவி யோதோவை அனுப்பிவைக்கச் சொல்கிறார். மற்றத் தலைவர்களும் மனைவிமாரை வரவழைக்க அனுமதி. தேநீர்க் கலையின் பெரியவர் சென் நோ ரிக்யூவும் முகாமில் இருந்தார். பக்கத்து நிராயாமாவின் மூங்கிலை வெட்டிப் பூச்சாடி செய்துகொண்டிருந்தார். இது கூடாரத்தில் பசியோடு காத்திருக்கும் படை அல்ல.

ஒடவாராவைப் பார்த்தபடி இருக்கும் மலையில் ஹிதேயோஷி ஒரு கல் கோட்டையும் கட்டினார். ஏறக்குறைய 80 நாள் வேலை. முடிந்ததும் முன்னால் இருந்த மரங்களை வெட்டிச் சாய்த்து, ஒரே இரவில் முளைத்தது போலக் காட்டினார் என்பது கதை. ஒரே இரவோ எண்பது நாளோ, கான்டோவில் அதுவரை யாரும் முழுக்கக் கல் மதில் வைத்துக் கோட்டை கட்டியதில்லை. முற்றுகை போட வந்தவன் வீடு கட்டிக்கொண்டால், அவன் எப்போது போவான் என்று காத்திருப்பதில் பொருள் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒடவாராவுக்குள்ளும் அரிசி தீரவில்லை. பசியால் அவர்கள் பணியவில்லை. அவர்களை உடைத்தது கிளைக் கோட்டைகள். படைத்தலைவர்களையும் தேர்ந்த வீரர்களையும் கிளைக் கோட்டைகளிலிருந்து எடுத்து ஒடவாராவில் குவித்திருந்தார்கள். யாமானாகாவின் அந்த அருமையான அகழியைக் காக்க இருந்தவர்கள் சுமார் 4,000 பேர். எதிரில் அறுபது, எழுபது ஆயிரம். மூன்றாம் மாதம் 29-ஆம் தேதி அரை நாளில் முடிந்தது. ஹாச்சியோஜிக் கோட்டையின் தலைவர் உஜிதேரு ஒடவாராவில் உட்கார்ந்திருக்க, ஆறாம் மாதம் 23-இல் வடக்கிலிருந்து வந்த மாயேதா, உஎசுகி படைகள் ஒரே நாளில் அதைப் பிடித்தன. உள்ளே இருந்தவர்களில் குடியானவர்களும் பெண்களும் நிறைய. அங்கே நடந்தது படுகொலை. பெண்கள் அருவியில் குதித்து உயிர் விட்டதாக அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.

என் இரண்டாவது கேள்வி இங்கேதான் வருகிறது. மதிலுக்குள் இருப்பது எல்லாக் கதவையும் திறந்து வைத்திருக்கும் வழி போலத் தெரிந்தது. இருந்து பார்ப்போம், முடியாவிட்டால் பேசலாம். உண்மையில் ஒவ்வொரு கிளைக் கோட்டை விழும்போதும் பேசுவதற்குக் கையில் இருந்த சரக்கு குறைந்தது. இரண்டாம் மாதம் ஒரு பெரிய சமவெளி முழுவதையும் ஒப்படைக்கிறேன் என்று சொல்ல முடிந்தது. ஆறாம் மாதம் ஒரே ஒரு ஊரை ஒப்படைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும். உள்ளேயோ பேச்சு, பேச்சு, மேலும் பேச்சு. முடிவு வராத கூட்டத்துக்கு ஜப்பானியர்கள் இன்றும் ஒடவாராவின் பெயரைத்தான் சொல்கிறார்கள். மதிலுக்குள் இருப்போம் என்று வாதாடிய அதே மட்சுதா நோரிஹிதே கடைசியில் எதிரியோடு ரகசியமாகப் பேசி, சொந்த மகனால் காட்டிக் கொடுக்கப்பட்டார்.

கொஞ்சம் சண்டை போட்டுப் பணிவது

இதற்குத்தான் ஹோஜோக்கள் போதிய மதிப்புக் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன். முன்மாதிரி இல்லாமல் இல்லை.

ஷிகோகுவின் சோசோகாபே மோதோசிகா 1585-இல் முதலில் சண்டைதான் போட்டார். மூன்று திசையிலிருந்து லட்சம் பேருக்கு மேல் வந்து இறங்கினார்கள். முன்னணிக் கோட்டையில் இருந்த அவருடைய அமைச்சர் டானி டாடாசுமி எதிரியின் படையையும் ஆயுதத்தையும் பார்த்துவிட்டு வந்து, இது நமக்குக் கட்டாது, பணிந்துவிடுவோம் என்றார். மோதோசிகா முதலில் எகிறினார். பிறகு கேட்டுக்கொண்டார். தீவில் பெரும்பகுதி போயிற்று. சொந்த நாடான டோசா மிஞ்சியது.

ஷிமாசுக்களின் கதை இன்னும் பொருத்தம். ஹிதேயோஷியின் சண்டை நிறுத்த ஆணை வந்தபோது, வம்சம் தெரியாத ஆளுக்கு நாம் என்ன பதில் எழுதுவது என்று அவர்கள் ஏளனமாகப் பேசியதை அந்தக் குலத்து அமைச்சர் உவாய் காக்கென் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஹோஜோக்களைவிடத் திமிர் பிடித்த தொடக்கம். ஆனால் நெஜிரோசாகாவில் தோற்றதும் தலைவர் யோஷிஹிசா தாமதிக்கவில்லை. தலையை மழித்து, துறவிப் பெயர் வைத்துக்கொண்டு, 1587 ஐந்தாம் மாதம் தாய்ஹெய்ஜி கோயிலில் ஹிதேயோஷியின் முன் போய் நின்றார். அவருக்குக் கீழே இருந்த சில கோட்டைகள் அப்போதும் விழாமல் நின்றன. அதுதான் அவருடைய பேரச் சரக்கு. சத்சுமா, ஓசுமி, ஹியூகாவில் ஒரு பகுதி என்று பூர்வீக நிலம் அப்படியே நின்றது.

ஒடவாராப் போரிலேயே இதற்குச் சாட்சி உண்டு. ஹோஜோ உஜிகட்சு என்ற உறவினர் யாமானாகாவில் சண்டையிட்டு, அங்கிருந்து தப்பி, தன் தமானாவா கோட்டைக்குப் போய், நான்காம் மாதமே பணிந்தார். பிறகு இயேயாசுவுக்குக் கீழே 10,000 கொக்கு நிலத்தோடு வாழ்ந்தார். வடகிழக்கின் டாதே மாசாமுனே ஹோஜோவின் நண்பர்; ஆறாம் மாதத் தொடக்கத்தில்தான் ஒடவாரா முகாமுக்கு வந்து சேர்ந்தார். தாமதத்துக்குத் தண்டனையாக, முந்தைய ஆண்டு போரிட்டுப் பிடித்த ஐசு நிலத்தை இழந்தார். தலையும் பெரும்பகுதி நாடும் தப்பின. தலை போகும் என்று காத்திருந்த நாளில் ரிக்யூவிடம் தேநீர்ப் பாடம் கேட்டு ஆள் அனுப்பினார் என்று ஒரு கதை. அவர் அப்படிப்பட்ட ஆள்தான்.

ஆக, யாமானாகா அரை நாளில் விழுந்த அந்த மூன்றாம் மாதக் கடைசிதான் ஒடவாராவுக்கான எச்சரிக்கை மணி. அடுத்த சில நாளில் ஹிதேயோஷி ஹோஜோக்களின் குலக் கோயிலான சோவுன்ஜியிலேயே வந்து தங்கினார். அன்றைக்கு நிராயாமாக் கோட்டை விழவில்லை. உஜினோரி சுமார் 3,600 பேரோடு நாற்பதாயிரம் பேரைத் தடுத்து நின்றுகொண்டிருந்தார். வடக்கே ஹாச்சிகாதா, ஹாச்சியோஜி, ஓஷி எல்லாம் கையில். உஜிமாசா தலை மழித்து, உஜினோரி தூது போயிருந்தால் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஷிமாசு வேறு, ஹோஜோ வேறு

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. சத்சுமா ஜப்பானின் தென்மேற்குக் கோடி. எரிமலைச் சாம்பல் மண். அங்கே வேறு ஒருவரை வைத்துக் காப்பதைவிட ஷிமாசுவையே விட்டுவைப்பது ஹிதேயோஷிக்கு மலிவு. கான்டோ அப்படி இல்லை. வளமான பெரிய சமவெளி. இயேயாசுவைத் தலைநகருக்குப் பக்கத்தில் விட்டுவைக்க ஹிதேயோஷிக்கு விருப்பம் இல்லை. அவரை நகர்த்த ஓர் இடம் வேண்டும். கோட்டை விழுந்த கையோடு இயேயாசுவின் ஐந்து பழைய நாடுகளை வாங்கிக்கொண்டு ஹோஜோவின் நிலத்தைக் கொடுத்தார். உங்கள் நாட்டின் மேல் எனக்கு ஆசை கிடையாது என்று தெய்வத்தைச் சாட்சி வைத்து எழுதியவர், சுமார் 24 லட்சம் கொக்கு நிலத்தோடு எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், குடியேறினார். அப்படியானால் ஹோஜோக்கள் எந்த மாதம் பணிந்தாலும் கான்டோ போயிருக்கும் என்று வாதாடலாம்.

இந்த மறுப்பு நிலத்துக்குப் பொருந்தும், ஆளுக்குப் பொருந்தாது. நான்காம் மாதம் பணிந்தால் கான்டோ முழுவதும் கிடைத்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஒடவாராவை ஒட்டிய பூர்வீக நாடுகளான இசுவும் சகாமியும்கூடச் சந்தேகம்தான். ஆனால் ஏழாம் மாதம் 5-ஆம் தேதி உஜினாவோ வெளியே வந்து, நான் வயிற்றைக் கிழித்துக்கொள்கிறேன், மற்றவர்களை விடுங்கள் என்று கேட்டபோதுகூட, அவரை ஹிதேயோஷி கொல்லவில்லை. இயேயாசுவின் மருமகன் என்பது அங்கே உதவியது. துறவி மடங்கள் இருக்கும் கோயா மலைக்கு அனுப்பி, அடுத்த ஆண்டு மன்னித்தார். அதே ஆண்டு அவர் இறந்துபோனது வேறு விஷயம். தலையை எடுப்பேன் என்று யாரைச் சொல்லிப் போர் அறிவித்தாரோ அவரையே விட்டவர், மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் விட்டுக் கொடுத்திருப்பார் என்று நினைப்பதில் தவறில்லை. ஹாச்சியோஜியில் செத்தவர்களும் செத்திருக்க மாட்டார்கள்.

என் வரிசை இது: 1589 முடியும்வரை கியோட்டோதான் வழி, இனோமாதாவைக் கைவிட்டாவது. அது மூடிய பிறகு யாமானாகாவில் நின்று பார்த்துவிட்டு உடனே பணிவது. மதில் மூன்றாவது. ஃபுஜி ஆறு கணக்கிலேயே இல்லை. உஜிமாசா மூன்றாவதை எடுத்தார். ஏழாம் மாதம் 11-ஆம் தேதி அவரும் உஜிதேருவும் வயிற்றைக் கிழித்து இறந்தார்கள். மட்சுதா நோரிஹிதேவுக்கும் அதே ஆணை. பணிந்த பிறகு எதிரியின் வடபடைக்கு வழி காட்டிய ஹோஜோ அமைச்சர் டாய்தோஜி மாசாஷிகேவுக்கும் அதே ஆணை. 1588-இல் கியோட்டோ போய் வந்த உஜினோரி பிழைத்தார். கவாச்சியின் சயாமாவில் சுமார் 10,000 கொக்கு நிலத்தில் அவர் வழி வந்தவர்கள் மெய்ஜி காலம் வரை சிற்றரசர்களாக இருந்தார்கள்.